மதில் இழந்த பூனையின் நாக்கு

தமிழில் பூனையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற உவமை அதன் நாக்கைப் பற்றியது. இராமகாதையைப் பாட முனைந்த தம் துணிவுக்கு அவையடக்கம் சொல்ல வந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டார். பூசை என்ற பழம்பெயரும் நக்குதல் என்ற வினையும் அங்கே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தவைபோல அமைந்தன. ஆனால் பாலுக்காக அந்த நாக்கு உழைக்கும் நேரம் மிகச் சிறிது. உறக்கமும் ஓய்வும் போக எஞ்சிய பொழுதில் ஏறத்தாழ 8 விழுக்காட்டை வீட்டுப்பூனை தன் உடலை நக்குவதிலேயே கழிக்கிறது என்று 2000ஆம் ஆண்டில் எக்ஸ்டீன், ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பூனைக்கு நக்கி முடியாத கடல் அதன் சொந்த உடல்தான்.

அந்த நாக்கைப் புறங்கையில் உணர்ந்தவர்கள் அதை உப்புத்தாளுக்கு ஒப்பிடுவார்கள். அந்தச் சொரசொரப்புக்குக் காரணம், நகமும் கொம்பும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆகி, தொண்டையை நோக்கி வளைந்து நிற்கும் நுண்முட்கள். இவற்றை நெடுங்காலமாகச் சீப்பின் பற்களைப் போன்ற எளிய கருவிகளாகவே உடற்கூற்று நூல்கள் விளக்கிவந்தன. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வுதான், ஒவ்வொரு முள்ளின் நுனியும் சிறு அகப்பையைப்போலக் குழிந்திருக்கிறது என்பதையும், நாக்கில் ஏறத்தாழ 290 எண்ணிக்கையில் உள்ள இம்முட்கள் வாயின் உமிழ்நீரை அந்தக் குழியில் ஏந்திச் சென்று ரோமத்தின் அடிவரை, தோலின்மேல், இறக்கிவிட்டு வருகின்றன என்பதையும் காட்டியது. பூனையின் நக்கலில் சீவுதலும் குளித்தலும் ஒரே செயலாக நடக்கின்றன. நீண்ட அடர்ரோமம் கொண்ட பெர்ஷியன் இனத்தில் மட்டும் அந்த முட்களின் நீளம் தோலை எட்டப் போதவில்லை என்றும் அதே ஆய்வு கண்டது. சென்னைப் புறநகர்க் குடியிருப்புகளில் இன்று விரும்பி வாங்கப்படும் இனம் பெர்ஷியன் என்பதால் இது இங்கே வெறும் தகவலாக நின்றுவிடுவதில்லை; அந்தப் பூனை தன்னைத் தானே முழுமையாகத் துப்புரவு செய்துகொள்ள இயலாத உடலோடு பிறந்தது, வீட்டார் நாள்தோறும் சீவிவிடவில்லையென்றால் அதன் ரோமம் சடைபிடித்துத் தோலை இழுத்து வலிக்கச் செய்யும்.

நக்குதல் என்ற செயல் பூனைக்கு அவ்வளவு இயல்பானதாக இருப்பதாலேயே அது எப்போது நோயாகிறது என்று அறிவது கடினமாகிறது. பூனைக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களின் அடியில்தான் உண்டு. அக்கினி நட்சத்திர நாட்களில் சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரத்து மொட்டைமாடிகள் கொதிக்கும்போது அது ரோமத்தை எச்சிலால் நனைத்து, அந்த ஈரம் ஆவியாகும் குளிர்ச்சியில் உடல்வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட நெற்றிப் பகுதியில் முடி மெலிந்திருப்பதும் பல பூனைகளுக்குப் பிறவியமைப்பே. கவலைக்குரியது வேறொரு காட்சி. பூனை மல்லாந்து படுக்கும் ஒரு மாலையில், அடிவயிற்றிலும் பின்தொடைகளின் உட்புறத்திலும் ரோமம் இல்லாமல், புண்ணோ சிவப்போ பொருக்கோ எதுவும் இல்லாமல், மழித்துவிட்டதுபோல வெளிறிய தோல் தெரிகிறது. வீட்டார் அதை முடி உதிர்தல் என்கிறார்கள். பெரும்பாலான பூனைகளில் அந்த முடி உதிர்ந்ததே இல்லை. முள்நாக்கு அதை அறுத்திருக்கிறது. மிகைநக்கல் என்று இதைச் சொல்லலாம்.

பூனை அப்படி நக்குவதை யாரும் பார்த்ததில்லை என்பதே இதில் அடிக்கடி எழும் மறுப்பு. அதில் பொய் எதுவும் இல்லை. ஆளில்லாத பகலிலும் விளக்கணைந்த இரவிலும் மட்டும் தன்னை நக்கிக்கொள்ளும் பூனைகள் பல. இந்த ஐயத்தைத் தீர்க்கக் கால்நடை மருத்துவரிடம் இருக்கும் முறை வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வெறுமையான பகுதியின் விளிம்பிலிருந்து சில முடிகளை இடுக்கியால் பற்றிப் பிடுங்கி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு எண்ணெயிட்டுப் படியவைத்து, நுண்ணோக்கியில் அவற்றின் நுனியைப் பார்க்கிறார். முடிச்சோதனை என்று இதற்குப் பெயர். தானாக உதிரும் முடியின் நுனி, சீவிய பென்சிலைப்போலப் படிப்படியாக மெலிந்து கூர்ந்திருக்கும். நக்கப்பட்ட முடியோ தேய்ந்த துடைப்பத்தின் நுனிபோல முறிந்து பிசிறாக இருக்கும். பேசாத பிராணியின் இரவுநேரச் செயல் ஒன்று, ஓர் அங்குலத்துக்கும் குறைவான முடித்துண்டில் எழுத்தாகப் பதிந்துகிடக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கடந்து எழும்பூரில் இறங்கினால், 1903இல் தொடங்கப்பட்ட வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகில்தான் இருக்கிறது. கூடையின் மூடியைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தைச் செய்யும் பூனைவீட்டார் தெற்குப் புறநகர்களில் உண்டு. அவர்களில் பலர் தேடிப் போகும் விடை நுண்ணோக்கிக்கு எட்டாத ஒன்று. முறிந்த நுனி, பூனை நக்கியது என்று மட்டுமே சொல்லும். ஏன் நக்கியது என்று சொல்லாது.

அந்த ஏன் என்ற கேள்விக்கு இப்போது மிக விரைவாக வந்துவிடும் பதில் ஸ்ட்ரெஸ் என்ற ஒற்றைச் சொல். மனிதர் தம் வாழ்வை விளக்கிக்கொள்ளப் பழகிய சொல்லைப் பூனைக்கும் அணிவித்துவிடுகிறார்கள். அதில் அன்பு இருக்கிறது, ஆனால் அவசரமும் இருக்கிறது. மனக்காரணத்தால் ரோமம் இழந்தவை என்று கருதப்பட்ட 21 பூனைகளைத் தோல்மருத்துவர்களும் நடத்தையியல் வல்லுநர்களும் சேர்ந்து முறையாகச் சோதித்த ஓர் ஆய்வு 2006இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவற்றுள் 16 பூனைகளின் நக்கலுக்கு உடல்நோயே காரணமாக இருந்தது. 3இல் உடலும் மனமும் கலந்திருந்தன. மனம் மட்டுமே காரணம் என்று சொல்லத்தக்கவை 2 பூனைகள்தாம். ஒவ்வாமையும் உணவு ஒத்துக்கொள்ளாமையும் பெரும் பங்கு வகித்தன. ஸ்ட்ரெஸ் என்று முத்திரை குத்தி அனுப்பப்பட்ட பூனைகளில் பெரும்பாலானவை உண்மையில் அரிப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தன என்பதே இந்த எண்ணிக்கையின் பொருள். உடலின் வேதனையை மனதின் குறையாகப் படிப்பது, வலியைச் சொல்ல வாயில்லாத ஓர் உயிருக்குச் செய்யும் அநீதி.

உடற்காரணங்களில் முதலிடம் தெள்ளுப்பூச்சிக்கு உரியது. பூனையின் மேல் ஊரும் எதையும் உண்ணி என்றே சொல்லிவிடும் வழக்கம் இங்கு உண்டு. உண்ணி எட்டுக்கால் கொண்டு ஓரிடத்தில் கடித்துத் தொங்குவது, தெள்ளு ஆறுகால் கொண்டு பக்கவாட்டில் தட்டையாகி ரோமத்தினூடே ஓடித் தாவுவது. கடித்த இடத்தில் தெள்ளு விடும் எச்சிலுக்குச் சில பூனைகளின் உடல் அளவுக்கு மீறி எதிர்வினை செய்கிறது. அத்தகைய பூனையை அரிப்பில் ஆழ்த்த ஓரிரு கடிகளே போதும். இந்த நோயின் விந்தை என்னவென்றால், அரிப்புக்காக நக்கும் நாக்கே குற்றவாளியைப் பிடித்து விழுங்கியும் விடுகிறது. முன்சொன்ன எக்ஸ்டீனும் ஹார்ட்டும் சில பூனைகளுக்கு நக்கமுடியாதபடி கழுத்துக்கூம்பு மாட்டி மூன்று வாரம் கழித்து எண்ணியபோது, தடையின்றி நக்கிய பூனைகளைவிட அவற்றின்மேல் ஏறத்தாழ இருமடங்கு தெள்ளுகள் இருந்தன. ஆகவே மிகத் தீவிரமாக நக்கும் பூனையின் மேல்தான் தெள்ளு மிகக் குறைவாகக் கண்ணில் படும். எங்கள் பூனைக்குப் பூச்சியே இல்லை என்று வீட்டார் உறுதியாகச் சொல்வார்கள். பேன்சீப்பு ஒன்றால் வால் தொடங்கும் இடத்துக்கு மேலே முதுகை வாரி, சீப்பில் வரும் மிளகுத்தூள் போன்ற கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டிப் பார்த்தால் உண்மை வெளிவரும். வெறும் அழுக்கென்றால் அது கருமையாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமென்றால் சில நொடிகளில் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு வட்டம் பரவும், ஏனென்றால் அது பூனையிடமிருந்து உறிஞ்சிச் செரித்த இரத்தம். விழுங்கிய தெள்ளின் வழியாக நாடாப்புழு ஒன்று குடலில் குடியேறுவதும், காய்ந்த அரிசிமணி போன்ற அதன் துண்டுகள் பூனையின் மலவாயருகே காணப்படுவதும் இதே கதையின் மற்றொரு சான்று.

குளிர்நாடுகளில் பனிக்காலம் தெள்ளின் பெருக்கத்தைத் தணிக்கிறது. வங்கக்கடல் காற்றின் ஈரமும் ஆண்டு முழுதும் விலகாத வெம்மையும் உள்ள சென்னைக்கு அப்படிப்பட்ட ஓய்வுக்காலம் இல்லை. பூனையின் மேல் வாழ்வது வளர்ந்த தெள்ளு மட்டுமே. முட்டைகள் ரோமத்திலிருந்து உதிர்ந்து பாயிலும் சோபாவின் இடுக்கிலும் விழுந்து, புழுவாகிக் கூட்டுப்புழுவாகித் தரையிலேயே வளர்கின்றன. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி, சூடும் அதிர்வும் உணரும்வரை வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் காத்திருக்கும். கோடைவிடுமுறைக்குச் சொந்த ஊர் சென்று, கிளாம்பாக்கத்தில் பேருந்து இறங்கித் திரும்பும் குடும்பம் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே நடக்கும்போது, அந்தக் காலடி அதிர்விலேயே கூடுகள் உடைந்து பூச்சிகள் எழுகின்றன. பூனைக்கு மட்டும் மருந்திட்டு வீட்டை விட்டுவிட்டால் பலன் நிலைக்காது. பாயையும் விரிப்பையும் வெந்நீரில் அலசி உச்சி வெயிலில் காயப்போடுவதை மருந்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும். அந்த வெயில் இங்கே செலவின்றிக் கிடைக்கிறது.

மற்ற காரணங்கள் பல. வட்டவட்டமாக முடி கொட்டிச் செதில் தெரிந்தால் அது பூஞ்சையால் வரும் படர்தாமரையாக இருக்கலாம், மடியில் வைத்துக் கொஞ்சும் குழந்தையின் கையிலும் அது தொற்றும். காதின் ஓரத்தில் தொடங்கி முகத்தில் தடித்த பொருக்காகப் படர்ந்தால், தோலுக்குள் வளைதோண்டும் நுண்சிலந்தியால் வரும் சொறியை ஐயுற வேண்டும். உணவின் புரதம் ஒத்துக்கொள்ளாத பூனைக்கு அதுவரை உண்ணாத ஒரு புரதத்தை மட்டும் ஏறத்தாழ எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர நம்பத்தக்க சோதனை வேறில்லை. அடிவயிற்றை மட்டும் நக்குவதில் இன்னும் கவனம் வேண்டும்: தோலில் எந்தக் குறையும் இல்லாமல், அதன் அடியில் இருக்கும் சிறுநீர்ப்பை வலிப்பதால் பூனை அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கக்கூடும். ஆண்பூனை தன் கழிப்பிடமான மண்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வராமல் எழுந்தால் அது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டிய நிலை, மறுநாள்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

மருந்து பற்றிய ஓர் எச்சரிக்கை இவ்விடத்தில் இன்றியமையாதது. பூனையின் தோலில் பூசப்படும் எதுவும் வெளிப்பூச்சாக இருப்பதில்லை, அது சிறிது நேரத்தில் நாக்கின் வழியே உள்மருந்தாகிவிடுகிறது. மனிதக் கல்லீரல் பல நச்சுகளைச் சர்க்கரையிலிருந்து உண்டாகும் ஓர் அமிலத்தோடு பிணைத்து, நீரில் கரையச் செய்து வெளியேற்றுகிறது. பூனையின் கல்லீரலில் அந்தத் திறன் மிகக் குறைவு. நாய்க்கு விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த தெள்ளுமருந்து பூனைக்கு வலிப்பு வரவழைத்துக் கொல்லும். மனிதச் சொறிக்குத் தடவும் பென்சைல் பென்சோயேட்டும் அதற்கு நஞ்சு. காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரை எடுக்கப் போதுமானது. தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ள தாம்பரம் சானடோரியம் வட்டாரத்தில் வேம்பின்மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கை ஆழமானது, அது மனிதத் தோலைப் பொறுத்தவரை காரணமற்றதும் அன்று. ஆனால் வேப்பெண்ணெய் பூசிய பூனை, முதல் வேலையாக அதை முழுவதுமாக நக்கித் தீர்க்க உட்காரும் என்பதை நினைத்தாலே அதைப் பூசப்போகும் கை நின்றுவிட வேண்டும்.

உடலை முழுமையாகச் சோதித்துக் காரணம் காணாதபோது எஞ்சுவது வீடு. விலங்கு நடத்தையியலின் முன்னோடிகளான நிகோ டின்பெர்கன், அட்ரியான் கோர்ட்லாண்ட் ஆகிய டச்சு அறிஞர்கள் இருவரும் 1940இல் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டெழுதினார்கள்: ஒன்றோடொன்று மோதும் இரு உந்துதல்களுக்கு நடுவே சிக்கும் விலங்கு, எதையும் செய்ய இயலாமல், சூழ்நிலைக்குத் தொடர்பே இல்லாத மூன்றாவது செயல் ஒன்றைச் செய்யத் தொடங்கும். தாக்கவும் துணியாமல் ஓடவும் முடியாமல் நிற்கும் சேவல் தரையைக் கொத்துகிறது. பூனையோ நக்குகிறது. இந்த நிலையை விளக்கக் கலைச்சொல் தேடவேண்டாத மொழி தமிழ்; இப்பக்கமா அப்பக்கமா என்று தெரியாத நிலைக்கு மதில்மேல் பூனை என்ற வழக்கு இங்கே பழையது. அந்தப் பூனை எப்பக்கமும் குதிக்காமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் என்ன செய்கிறது என்று கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தன் தோளைத் திரும்பி நக்குகிறது. இரண்டு மூன்று நக்கலில் மனம் அடங்கி இறங்கிவிட்டால் அது நலமான பூனை. மோதல் தீராமல் நாள்தோறும் நீடித்தால் அந்த நக்கலே பழக்கமாக இறுகுகிறது.

தெற்குப் புறநகரின் கதையும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. 1931இல் கடற்கரையிலிருந்து மின்சார ரயில் தாம்பரம்வரை ஓடத் தொடங்கியபின், ரயில்பாதையின் இருபுறமும் மனைகள் எழுந்து, சேலையூர், சிட்லபாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என விரிந்த தெருக்களில் ஒரு கிரவுண்டில் ஒரு தனிவீடும், கிணறும், முருங்கையும், இடுப்பளவு மதிலும் என்ற அமைப்பு நிலைபெற்றது. அடுத்தடுத்த வீடுகளின் மதில்கள் ஒட்டி நின்றதால் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மண்ணில் கால்படாமல் செல்லும் நெடுஞ்சாலை ஒன்று பூனைகளுக்கு வாய்த்தது. நாய்க்கு எட்டாத அந்த உயரத்தில் எதிரே வரும் பூனைக்கு வழிவிட்டுக் காத்திருந்து, கன்னத்தின் மணச்சுரப்பியை மதில்முனையில் தேய்த்துத் தன் எல்லையைக் குறித்துவைத்துப் பூனைகள் வாழ்ந்தன. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவான காலத்துக்குள், அந்தத் தனிவீடுகள் பல இடிக்கப்பட்டு, கீழே வண்டி நிறுத்தமும் மேலே அடுக்குவீடுகளுமாக எழுந்துவிட்டன. பூனைக்கு எஞ்சியது புறா வராமல் வலை கட்டிய ஒரு பால்கனி. வலைக்கு வெளியே கீழே, கடுவன் ஒன்று வந்து தூணில் சிறுநீர் பீச்சிவிட்டுப் போவதை அது மேலிருந்து பார்க்கிறது; துரத்தவும் வழியில்லை, விலகவும் இடமில்லை. பழைய மதிலுக்கு இரண்டு பக்கமாவது இருந்தன.

வாடகைக்குடி இதை மேலும் கடினமாக்குகிறது. பதினொரு மாத அக்ரிமெண்ட் என்பது இங்கே குடும்பங்களின் காலக்கணக்கையே வகுத்துவிட்ட ஏற்பாடு. வாடகை ஏறும்போதும், பிள்ளையின் பள்ளி மாறும்போதும், வீட்டுக்காரருக்கு வீடு தேவைப்படும்போதும் சாமான்கள் டெம்போவில் ஏறுகின்றன. மனிதர் முகவரியை மாற்றிக்கொள்கிறார்கள். பூனையோ, கதவுநிலைகளிலும் நாற்காலிக் கால்களிலும் ஈராண்டாகத் தேய்த்துச் சேர்த்த மணவரைபடம் முழுவதையும் இழந்து, புதுச் சுண்ணாம்பும் பினாயிலும் நாறும் அறையில் கொண்டுவந்து விடப்படுகிறது. முதல் சில நாட்கள் ஒரே அறையில், துவைக்காத பழைய போர்வையோடும் பழகிய மண்தட்டோடும் அதை விட்டுவைத்தால் அந்த இழப்பில் ஒரு பகுதியாவது ஈடாகும். குடிபோகும் நாளின் பரபரப்பில் இதை நினைவில் வைத்திருக்கும் வீடுகள் குறைவு.

தாயிடமிருந்து பிரியும் காலமும் பிற்கால நக்கலோடு தொடர்புடையது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் 5,726 பூனைகளைப் பற்றித் திரட்டி 2017இல் வெளியிட்ட ஆய்வு, 14 வாரம்வரை தாயோடு இருந்த குட்டிகளில் மிகைநக்கல் குறைவாகக் காணப்பட்டதைக் காட்டியது. கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டியை ஆட்டோ நிறுத்தத்திலிருந்தும் கறிக்கடை வாசலிலிருந்தும் இரக்கத்தால் எடுத்துவருகிறவர்களுக்கு இதில் தேர்வு இல்லைதான். கம்பளித் துணியைச் சப்பியும் பிசைந்தும் உறங்கும் அந்தக் குட்டியின் பழக்கத்தை அதட்டி நிறுத்த முயலாமலாவது இருக்கலாம். ஆனால் சிமெண்டுத் தரையையும் சுவரையும் மண்தட்டின் மணலையும் ஒரு குட்டி நக்கத் தொடங்கினால் அதை வெறும் பழக்கமென்று தள்ளக்கூடாது, அது இரத்தசோகையின் அடையாளமாக இருக்கக்கூடும். ஈறு வெளிறியிருக்கிறதா என்று உதட்டைத் தூக்கிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். சிறுகுட்டியின் இரத்தத்தை அவ்வளவு உறிஞ்சியது பெரும்பாலும் அதே தெள்ளுக் கூட்டம்தான்.

நக்கும்போது அதட்டுவதும் விரட்டுவதும் பூனையை மறைவிடத்துக்குத் துரத்துமே தவிர நக்கலை நிறுத்தாது. கழுத்துக்கூம்பு தோலுக்குச் சில நாள் ஓய்வு தரும், காரணத்தைத் தொடாது. தெள்ளுக்குப் பூனைக்குரிய மருந்தை மாதந்தோறும் தவறாமல் இட்டு, வீட்டிலுள்ள மற்ற பிராணிகளுக்கும் இட்டு, உணவை மாற்றிச் சோதித்து, அதன் பின்னரே பால்கனியில் ஏறி அமர ஒரு பலகையும், கடுவனைக் காணமுடியாதபடி வலையின் கீழ்ப்பாதிக்கு ஒரு திரையும், நாள்தோறும் ஒரே நேரத்தில் கால்மணி விளையாட்டும் என வீட்டைத் திருத்தும் வரிசைதான் பயன் தருகிறது. இவை யாவும் போதாத சில பூனைகளுக்கு மருத்துவர் மனநல மருந்தும் எழுதித் தருவார், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ரோமம் மெல்லத்தான் திரும்பும். சில வாரங்களில் வயிற்றின் வெளிறிய தோலின்மேல் முதலில் சாம்பல்பூத்ததுபோல ஒரு நிழல் படியும். விரலின் பின்புறத்தால் எதிர்த்திசையில் தடவினால் மட்டுமே அது முடியென்று தெரியும். அந்நிலையில் மருத்துவர் மறுபடியும் இடுக்கியால் நான்கைந்து முடிகளைப் பிடுங்கிக் கண்ணாடிச் சில்லில் படியவைத்து, நுண்ணோக்கியின் திருகைத் திருப்பி நுனிகளைத் தேடுகிறார். இம்முறை அவை கூர்மையாக இருக்கின்றன.